அப்படியா அக்காவின் ஊசி

எங்கள் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் அறைக்கும் நான் உட்காரும் மெஷின் அறைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அதுவும் கூரை வரை எட்டாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். கட்டியவர் எதை மிச்சம் பிடித்தாரோ தெரியாது, பலனை அனுபவிப்பவன் நான். அந்தப் பக்கம் ஒருவர் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து பகல் சாப்பாடு வரை என் காதில் விழுவது பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்.

"அப்படியா?"

கனத்த குரலில் ஒருவர் கேட்பார். கீச்சுக் குரலில் ஒருவர் கேட்பார். நம்பாத குரலில் ஒருவர், வாயைப் பிளந்தபடி இன்னொருவர். எல்லாருக்கும் அடுத்து வரும் பதில் ஒன்றுதான்: "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க." அதைச் சொல்பவர் எங்கள் ரத்தம் எடுக்கும் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் உண்டு, கோட்டில் குத்தியிருக்கும் அட்டையிலும் அது இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் யாரும் அட்டையைப் பார்ப்பதில்லை. வரவேற்பு மேஜையில் வந்து நின்று, "அந்த அப்படியா அக்கா இருக்காங்களா? இல்லைன்னா நாளைக்கு வரேன்" என்றுதான் கேட்கிறார்கள்.

அக்காவின் வித்தை சின்னது. கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவார். விரலால் நரம்பைத் தேடுவார். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். துடைக்கும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும். "ஏங்க, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் தெரியுமா?" உட்கார்ந்திருப்பவர் ஊசியை மறந்து அக்காவின் முகத்தைப் பார்ப்பார். "மூணாம். அதோட ரத்தம்கூட சிவப்பு இல்லையாம், நீலமாம்." "அப்படியா?" என்று அவர் வாயைத் திறப்பார். அந்த 'யா' முடிவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும்.

"பயப்படறவங்க கையை இறுக்கிக்குவாங்க, மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. ஆச்சரியப்படறவங்க எல்லாத்தையும் விட்டுடுவாங்க" என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். "மனசுல ரெண்டுக்கும் ஒரே நாற்காலிதான் தம்பி. ஒண்ணு வந்து உக்காந்தா இன்னொண்ணு எழுந்துதான் ஆகணும்."

இதற்கு ஆராய்ச்சி, ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "நீ உன் மெஷினைப் பாரு" என்றார். நான் கொஞ்சம் அப்படிப்பட்ட ஆள். எவன் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பேன். சொந்த அண்ணன் தன் கல்யாணத் தேதியைச் சொன்னபோதே பத்திரிகையைக் காட்டச் சொன்னவன்.

இந்த வித்தை அக்காவுக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கதை. ஒரு லாரி டிரைவர் வந்திருக்கிறார். ஆள் கதவளவு இருப்பாராம். ஊசியைப் பார்த்ததும் அந்தக் கதவு நடுங்க ஆரம்பித்திருக்கிறது. அக்கா சமாதானம் சொல்லிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. அப்போது சுவரில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவியின் அடியில் ஒரு வரி ஊர்ந்து போயிருக்கிறது. அக்கா தன்னையறியாமல் வாய்விட்டுப் படித்துவிட்டார்: "இங்க பாருங்க அண்ணே, எங்கேயோ ஒரு நாட்டுல ரயில்வே ஸ்டேஷனுக்குப் பூனையை ஸ்டேஷன் மாஸ்டராப் போட்டிருக்காங்களாம். தொப்பி வேற குடுத்திருக்காங்க." டிரைவர் "அப்படியா?" என்று திரும்பினார். அக்காவின் கை அதன் வேலையைச் செய்துவிட்டது. ஊசி ஏறியதே தெரியாமல் அவர், "பூனைக்குச் சம்பளம் உண்டாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அன்றிலிருந்து அக்கா செய்தித்தாளைப் பின்னாலிருந்து படிக்க ஆரம்பித்தார். கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். உலகத்தில் நடக்கும் விநோதங்களெல்லாம் அதில் இருக்கும். அக்காவுக்கு அதுதான் தலைப்புச் செய்தி. முன்பக்கத்தில் ஆட்சியே மாறியிருந்தாலும் அவருக்கு அதெல்லாம் பிறகுதான்.

இதில் நான் எப்படி மாட்டினேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஒருநாள் அக்கா ஒரு பள்ளிக்கூட டீச்சரிடம், "சீனப் பெருஞ்சுவர் நிலாவிலேர்ந்து பார்த்தாலும் தெரியுமாமே டீச்சர்" என்று எடுத்துவிட்டார். அந்த டீச்சர் எடுக்கும் பாடம் பூகோளம். "யாரும்மா சொன்னது? சுத்தப் பொய்!" என்று அவர் கையை உதறியதில் ஊசி ஒருபக்கம், அக்கா ஒருபக்கம். டீச்சரின் முழங்கை மடிப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். அக்கா அதைப் பார்த்துக் கலங்கிவிட்டார். மறுநாள் காலை என் அறைக் கதவைத் தட்டினார்.

"தம்பி, நீ எதையும் நம்ப மாட்டியே. எனக்கு ஒரு உதவி பண்ணு. நான் சொல்றதெல்லாம் நிஜமா பொய்யான்னு பார்த்துச் சொல்லு. பொய் சொல்லிக் குத்தறது ஏமாத்து வேலை. நமக்கு அது வேண்டாம்."

அப்படித்தான் என் காலைகள் பறிபோயின. மெஷினைச் சூடாக்கிவிட்டு நான் உட்காரும்போது அக்கா வந்து நிற்பார். நான் போனில் தேடுவேன், நாலு இடத்தில் பார்ப்பேன். தங்கமீனுக்கு மூன்று வினாடிதான் ஞாபகசக்தி என்பார். பொய் என்று தள்ளுவேன். மனிதன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறான் என்பார். அதுவும் பொய், ஆனால் நம் நிர்வாகியைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது என்பேன். வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்பார். தேடிப் பார்த்தால் உண்மையாக இருக்கும், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

நான் உண்மை என்று சொன்னதும் அது நேராக ஊசிக்குப் போய்விடாது. இன்னொரு பரீட்சை உண்டு. அக்காவின் கணவர் வேன் ஓட்டுகிறவர், பேச்சு மிகக் குறைவு, சாப்பாட்டில்தான் முழுக் கவனமும். ராத்திரி அவர் தட்டில் கை வைத்ததும் அக்கா செய்தியைச் சொல்வார். அவர் மெல்லுவதை நிறுத்தினால் செய்தி பாஸ். தொடர்ந்து மென்றுகொண்டிருந்தால் ஃபெயில். உலகத்தின் முதல் கம்ப்யூட்டர் மவுஸ் மரத்தில் செய்யப்பட்டது என்றபோது அவர் மெல்லுவதை நிறுத்தி, "என்ன மரம்?" என்றுகூடக் கேட்டாராம். அந்த வாரம் முழுக்க நிலையத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் மர மவுஸ்தான்.

இதனால் எனக்கு ஒரு நஷ்டம். வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிபார்த்தவன் நான், எனக்கு எதைச் சொல்லி ஆச்சரியப்படுத்துவார்? ஊசி என்றால் எனக்கும் பிடிக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தை முறைப்பேன். "சமையல்காரனுக்குப் பசிக்காதுங்கற மாதிரி ஆயிடுச்சே உன் நிலைமை" என்று சொல்லியபடி அக்கா குத்துவார். வலிக்கத்தான் செய்யும்.

போன வருடம் நிர்வாகி ஒரு விளக்கு வாங்கிப் போட்டார். கையின் மேல் பிடித்தால் உள்ளே ஓடும் நரம்பெல்லாம் பச்சை வெளிச்சத்தில் கோடு கோடாகத் தெரியும். அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் நரம்பைக் காட்டினார். "இத்தனை வருஷம் தடவித் தடவி இருட்டுல சாவி தேடின மாதிரி இருந்தேன். இப்ப பாரு!" நான் அவருடைய உற்சாகத்தைப் பார்த்து, ரத்தம் எடுக்கும் ரோபோவையே சில இடங்களில் செய்துவிட்டார்கள் என்ற செய்தியையும் காட்டினேன். கொஞ்சம் சீண்டிப் பார்க்கலாம் என்றுதான். அக்கா வீடியோவை முழுக்கப் பார்த்தார்.

"நல்லாத்தான் குத்துது. பேசுமா?"

"பேசாதுன்னு நினைக்கிறேன்."

"பேச வச்சுடுவாங்க, இப்பல்லாம் எல்லாம் பேசுதே. ஆனா அதுக்கு ஆச்சரியமா இருக்குமா தம்பி? சொல்றவங்களுக்கு ஆச்சரியமா இல்லைன்னா கேக்கறவங்களுக்கு இருக்காது."

நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கும் ஆதாரம் கேட்டால் திட்டு விழும்.

இனிதான் அந்த மனிதர் வருகிறார்.

அன்று வெயில் ஏறாத காலை. ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார். தங்கை முகம் வெளுத்து, மெல்ல நடந்து வந்து வெளியே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து மெஷின் மூலமாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அண்ணன் தன் கிட்னியில் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தார். பொருந்துமா என்று பார்க்க இரண்டு பேர் ரத்தமும் வேண்டும். தங்கையின் ரத்தத்தை அக்கா சுலபமாக எடுத்துவிட்டார். பிறகு அண்ணன் உள்ளே போனார். நான் வழக்கம்போல மெஷினில் டியூப்களை அடுக்கிக்கொண்டே காதை அங்கே வைத்தேன்.

"சார், இந்த வெள்ளி கிரகம் இருக்குல்ல? அதுல ஒரு நாள்ங்கறது..."

"ஒரு வருஷத்தை விட நீளம். தெரியும்."

நாற்காலி கிறீச்சிட்டது. கையை இழுத்துக்கொண்டுவிட்டார்.

"பரவாயில்ல சார். வோம்பாட்னு ஒரு மிருகம்..."

"சதுரம் சதுரமாப் புழுக்கை போடும். தெரியும்மா."

"முதல் கம்ப்யூட்டர் மவுஸ்..."

"மரம்."

அக்காவின் சக்கர ஸ்டூல் பின்னால் உருளும் சத்தம் கேட்டது.

"சார், இதெல்லாம் நீங்க எங்க படிச்சீங்க?"

"படிக்கலம்மா. எழுதினேன்." அவர் குரலில் பெருமை இல்லை, அழுகை இருந்தது. "பேப்பர்ல கடைசிப் பக்கத்துல துணுக்குப் பெட்டி வருமே, அது நான் போடறதுதான்."

என் கையிலிருந்த டியூப் நழுவப் பார்த்தது. வருடக்கணக்காக எங்கள் நிலையத்துக்கு வந்தவர்களையெல்லாம் வாய் பிளக்க வைத்த மனிதர் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவரை வாய் பிளக்க வைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. சொந்தக் கடைச் சரக்கை அவருக்கே விற்றுக்கொண்டிருந்திருக்கிறோம்.

துணுக்கு சார் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். கிட்னி கொடுக்கத் துளியும் பயமில்லை. ஊசிதான் ஆகாது. வலிகூட இல்லை, ஒன்று உள்ளே நுழைகிறது என்ற நினைப்பே ஆகாது. மரத்துப்போக மருந்து தடவியும் பார்த்தாயிற்று. ஏற்கனவே இரண்டு இடங்களில் ரப்பர் பட்டையோடு எழுந்து ஓடியிருக்கிறார். ஒரு பட்டை இன்னும் அவர் வீட்டில் இருக்கிறதாம். இன்றும் ஓடினால், கொடுப்பவருக்கு மனமில்லை என்று முடிவு கட்டிவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் தங்கச்சி முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய கிட்னிக்காகக் காத்திருக்க வேண்டும், எத்தனை வருடமோ தெரியாது.

"கிட்னியை எடுக்கும்போது பிரச்சினை இல்லம்மா, மயக்கம் குடுத்துடுவாங்க, எனக்கு எதுவும் தெரியாது. இந்த ரத்தம்தான்..."

மயக்க மருந்தும் ஊசி வழியாகத்தான் ஏறும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா தடுப்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பேசாமல் இரு என்று அதற்கு அர்த்தம்.

பேசாமல் இருக்க முடியவில்லை. போனில் பரபரவென்று தேடி, தடுப்புக்கு மேலாகக் குரல் கொடுத்தேன். "சார், நம்ம கண்ணுல கருவிழி மேல இருக்கற அந்தக் கண்ணாடி மாதிரி தோலுக்கு ரத்தக்குழாயே கிடையாது, காத்துலேர்ந்து நேரா..."

"ஆக்சிஜனை எடுத்துக்கும். போன மாசம் போட்டேன். யாருங்க அது மேலேர்ந்து?"

"மெஷின் பாக்கற தம்பி சார். நல்ல பையன், வாய்தான் சும்மா இருக்காது" என்றார் அக்கா.

அதற்கப்புறம் அக்கா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்தார். "சார், ரெண்டு நிமிஷம். எழுந்து போயிடாதீங்க" என்று சொல்லி வெளியே போனார். நான் கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். தங்கையின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, உங்க அண்ணனுக்குத் தெரியாத விஷயம் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்கா?"

தங்கை களைப்போடு சிரித்தார். "அண்ணனுக்கா? சின்ன வயசுலேர்ந்து நான் எதைச் சொன்னாலும் தெரியும்னுதான் சொல்லுவார். நான் படுத்துக்கிட்டு இருக்கும்போதுகூட பக்கத்துல உக்காந்து திமிங்கலக் கதை சொல்லிக்கிட்டே இருப்பார்."

"பெரிசா எதுவும் வேண்டாம். அவர் சாப்பிடற தட்டைப் பத்திச் சொன்னாலும் சரி. அவர் திரும்பிப் பாக்கணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, நிஜமா இருக்கணும். பொய் சொல்லிடாதீங்க."

தங்கை தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்திவிட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்தார். "ஒண்ணு இருக்கு" என்றார்.

கூட வந்தவர்கள் ரத்தம் எடுக்கும் அறைக்குள் வரக்கூடாது என்று எங்கள் சுவரில் எழுதியிருக்கிறது. அக்கா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியபடி அவரை உள்ளே அழைத்துப் போனார். நான் இங்கே ஸ்டூலின் மேல் ஏறினேன். வெட்கத்தைப் பார்த்தால் வேலைக்காகாது. இனி நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

அக்கா மறுபடி பட்டையைக் கட்டினார். பச்சை விளக்கைப் பிடித்தார். துணுக்கு சாரின் நெற்றியெல்லாம் வியர்வை. தங்கை அவருக்கு மறுபக்கம் போய் நின்றார். அவர் தலையைத் தங்கை பக்கம் திருப்பிக்கொண்டு வீம்பாகச் சிரிக்கப் பார்த்தார்.

"நீ என்ன சொல்லப் போற? எனக்குத் தெரியாதது உனக்கு என்ன தெரியும்?"

"முந்தாநேத்து டாக்டர்கிட்ட தனியாப் போனேன் அண்ணா. உன் கிட்னி எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்ன?"

அவர் 'அப்படியா' என்று கேட்கவில்லை. ஆனால் அக்காவின் கைக்கு அது போதும். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே எப்போது குத்தினார் என்று தெரியவில்லை.

"உன்கிட்ட சொல்ல வாய் வரல, அதான் இன்னிக்கும் கூட வந்து ரத்தம் குடுத்தேன். நீ பயந்து ஓடறதை என்னால பாக்க முடியலண்ணா. எனக்காக இப்படி வேர்த்து விறுவிறுத்து... எனக்குப் பழகிடுச்சு. நான் இப்படியே இருந்துக்கறேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன?" துணுக்கு சாரின் முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு? சின்ன வயசுல என் பேனாவைக் கேக்காம எடுத்துட்டுப் போவ, அதுக்கே நான் சண்டை போடுவேன். இப்ப கேக்காம வேண்டாங்கறியா? அது என் கிட்னி! நான் யாருக்குக் குடுக்கணும்னு நான்தான் சொல்லணும்!"

"அண்ணா, மெதுவா..."

"மெதுவாப் பேச முடியாது! நான் ஓடினேன்தான். ஓடிட்டு வீட்டுக்குப் போய் படுத்து அழுதேன்தான். அதுக்காக? மறுபடி வரலையா? மூணாவது தடவை வந்து உக்காரலையா? நீ இல்லாத வீட்டுல நான் யார்கிட்ட திமிங்கலத்தைப் பத்திப் பேசுவேன்? சொல்லு!"

அக்கா ஒரு டியூபைக் கழற்றி அடுத்ததை மாட்டினார். அதையும் கழற்றி அடுத்தது. தங்கையின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் இடது கை அக்காவின் கையில் தூங்கும் குழந்தை போலக் கிடக்க, வலது கை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட நான் பேசறேன். நான் குடுப்பேன். குடுத்தே தீருவேன். எடுங்கம்மா ரத்தத்தை, இப்பவே எடுங்க! எவ்வளவு வேணுமோ எடுங்க!"

"எடுத்தாச்சு சார்" என்றார் அக்கா. "பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க."

துணுக்கு சார் திரும்பினார். தட்டில் வரிசையாக நிற்கும் டியூப்களைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி டியூப்களைப் பார்த்தார். "இது என்னுதா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்று அக்கா சொன்னதும்தான் மயக்கம் போட்டு விழுந்தார்.

நல்லவேளை, தங்கையும் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். நான் தண்ணீரோடு ஓடினேன். கண் விழித்ததும் அவர் முதலில் செய்தது, தங்கையின் போனை வாங்கி டாக்டருக்குப் போட்டதுதான். படுத்தபடியே, "டாக்டர், என் தங்கச்சி பேச்சைக் கேக்காதீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அதிகாரமாகச் சொன்னார். பிறகு போனைத் தங்கையிடம் நீட்டினார். அவர் வாங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா டாக்டர். அண்ணன் குடுக்கட்டும். நான் வாங்கிக்கறேன்" என்றார். துணுக்கு சாருக்குக் கொண்டுவந்த தண்ணீரை நானே குடித்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அக்கா சக்கர ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

"தட்டைப் பத்திக்கூடச் சொல்லலாம்னு சொன்னேன் தம்பி. இப்படி ஒண்ணு வச்சிருப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. அந்த டியூபெல்லாம் நிறையற வரைக்கும் எனக்குத்தான் கை நடுங்கிடுமோன்னு பயமா இருந்துச்சு."

"நடுங்கலையே."

"நடுங்கினா நரம்பு போயிடும்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார்.

அந்த ரத்தம் பகல் வண்டியில் பெரிய ஆய்வகத்துக்குப் போனது. பொருந்துகிறது என்று சில நாட்களில் துணுக்கு சார் போன் செய்தார். அக்கா நிலையத்தில் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஆபரேஷன் என்றால் சும்மாவா? இன்னும் எத்தனையோ பரிசோதனைகள், கையெழுத்துகள், தேதிகள். தேதி ஒருமுறை தள்ளிப்போனது. தங்கைக்குக் காய்ச்சல் வந்து மறுபடி தள்ளிப்போனது. பிறகு போனே வரவில்லை.

அக்கா ஆளே மாறிப்போனார். ஒரே ஆளுக்கு ஆக்டோபஸை இரண்டு தடவை சொன்னார். சொன்னது நினைவில்லாமல் மூன்றாவது தடவையும் ஆரம்பித்து, அந்த மனிதர் "நாலு இதயம்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். வீட்டில் கணவர் மெல்லுவதை நிறுத்தி, "என்ன, ரெண்டு நாளா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?" என்று கேட்டாராம். பேப்பரில் துணுக்குப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு பெயின்ட் விளம்பரம் வர ஆரம்பித்தது. அக்கா தினமும் அந்தப் பெயின்ட் விளம்பரத்தைப் படித்தார். "நீங்களே போன் பண்ணிக் கேக்கலாமே" என்றேன். "நல்ல செய்தின்னா அவங்களே சொல்லுவாங்க. கெட்ட செய்தின்னா நான் கேட்டு அவங்க சொல்ற மாதிரி ஆயிடும்" என்றார். எனக்கும் மெஷின் ஓடும் சத்தம் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் ஊழியர்களுக்கான வருடப் பரிசோதனை வந்தது. என் முறைக்காக நாற்காலியில் போய் உட்கார்ந்து, முழுக்கையை மடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தை முறைக்க ஆரம்பித்தேன். அக்கா பட்டையைக் கட்டினார். பஞ்சால் துடைத்தார்.

"தம்பி, ஒரு விஷயம்."

"எதுவானாலும் நான்தான் சரிபார்த்திருப்பேன். சீக்கிரம் குத்துங்க அக்கா."

"இது உன்கிட்ட வரல. நேத்து ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சோத்துல கையை வச்சவர் வாய்க்குக் கொண்டுபோகவே இல்ல." அக்காவின் குரல் ஒருமாதிரி இருந்தது. நான் கடிகாரத்தை விட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் பளபளத்தன. "துணுக்கு சார் போன் பண்ணினார். எனக்கே தெரியாதும்மா, எனக்கே தெரியாதும்மான்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். புதுக் கிட்னி வைக்கும்போது பழசை எடுக்க மாட்டாங்களாம், பெரும்பாலும் அப்படியே விட்டுடுவாங்களாம். அவர் தங்கச்சிக்கு இப்ப மூணு கிட்னி தம்பி. புதுசு முதல் நாளே வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சாம்."

"அப்படியா?" என்றேன்.

"அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு" என்றார் அக்கா. "பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்க."

பஞ்சைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன். பழக்கதோஷம், போனை எடுத்துத் தேடும் இடத்தில் 'புது கிட்னி, பழைய கிட்னி' என்று அடித்தேன். பிறகு தேடாமலே போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினைப் போட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுத்த ஆள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஏங்க," என்று அக்கா ஆரம்பித்தார், "எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு எத்தனை கிட்னி தெரியுமா?"